சோதனை அழைப்பு, பிற்பகல் 2.41

என் அம்மா மேவிஸ் டின்ஸ்டேல் இறந்தபோது அவசர பட்டன் அவள் கழுத்தில் இருந்தது. அந்தப் பட்டனுக்கான பெட்டியை அவள் வீட்டில் பொருத்தியவள் நான். பிறகு நடந்த விசாரணையில் தொழில்நுட்ப அறிக்கையை எழுதியவளும் நான். "கருவி வடிவமைக்கப்பட்டபடியே இயங்கியது" என்று எழுதினேன். அதில் பொய் இல்லை.

அறிக்கையில் இடம் பெறாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

அம்மாவின் பிழைப்பு அவள் காது. பதினேழு வயதில் டவுன் தொலைபேசி நிலையத்தில் சேர்ந்தாள். கம்பியைச் செருகி, கம்பியைப் பிடுங்கி, ஊராரை ஊராரோடு பேச வைக்கும் வேலை. பிறகு கல்யாணம், பிறகு நான். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது உள்ளாட்சிக் கவுன்சில் தனியாக வாழும் வயதானவர்களுக்கு அவசர பட்டன் கொடுக்கத் தொடங்கியது. கழுத்தில் தொங்கும் பட்டன். அழுத்தினால் வீட்டிலிருக்கும் பெட்டி தொலைபேசிக் கம்பி வழியாகக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடும். பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில் இரண்டு மேசை போட்டு அந்த அறையை உண்டாக்கினார்கள். ஒரு மேசையில் அம்மா உட்கார்ந்தாள். இருபத்து நான்கு வருடம் அங்கேயே இருந்தாள்.

வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை சோதனை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லோரும் பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும். "சும்மா டெஸ்ட்தான் கண்ணு" என்று சொல்ல வேண்டும். இது கவுன்சில் விதி. எங்கள் பள்ளத்தாக்கு மக்கள் இந்த விதியை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். உண்மையிலேயே விழுந்து கிடப்பவர் பட்டனை அழுத்துவார். மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்கும். உடனே வெட்கம் வந்துவிடும். யாரையோ தொந்தரவு செய்கிறோமே என்று தோன்றும். "டெஸ்ட்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே கிடப்பார்.

அம்மா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் வினி கோட்ஸ் என்ற கிழவி அப்படிச் சொன்னாள். அம்மா நன்றி சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். இரண்டு நாள் கழித்துப் பால்காரர் கதவை உடைத்தார்.

அதன் பிறகு அம்மா டெஸ்ட் என்று சொன்ன யாரையும் உடனே விட்டதில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள். பதில் தாமதமானால் ஆள் அனுப்புவாள். பதில் சரியாக வந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆளை அல்ல, அறையை. கடிகாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது. குழாயில் தண்ணீர் விழுகிறதா. நாய் எவ்வளவு பக்கத்தில் மூச்சு விடுகிறது. தரையில் கிடப்பவர் முகத்தருகே நாய் நிற்குமாம். நாற்காலியில் இருப்பவரிடம் அது காலடியில்தான் படுக்குமாம்.

"ஆளு பொய் சொல்லுவாங்க ஜூடித். வீட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பாள்.

அந்தப் பயத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். நான் மாடியில் படித்துக்கொண்டிருந்தால் கீழே மாடிப்படியின் அடியில் வந்து நிற்பாள். மேலே நான் நடக்கும் சத்தம் கேட்டால்தான் கீழே அவள் நடப்பாள். இருமினால் போதும், போய்விடுவாள். பதினைந்து வயதில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். நான்கு படிகளை ஒரே தாவலில் தாண்டி வந்தாள். அவள் முகம் இன்னும் ஞாபகமிருக்கிறது.

நான் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தேன். பல இடங்களில் வேலை பார்த்துவிட்டு நான்கு வருடத்துக்கு முன் ஊர் திரும்பி அதே கவுன்சிலில் சேர்ந்தேன். செப்புக் கம்பித் தொலைபேசியை நாடு முழுவதும் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தது. பழைய அவசரப் பெட்டிகள் அந்தக் கம்பியில்தான் ஓடின. ஆயிரத்து நூற்று நாற்பது பெட்டிகளையும் கழற்றிவிட்டு, சிம் போட்ட டிஜிட்டல் பெட்டிகளை வைக்க வேண்டும். அது என் பொறுப்பு.

ஊரெல்லாம் பயந்தது. ஹார்கில் கிராமத்துத் தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். டீயும் பிஸ்கட்டும் வைத்தும் யாரும் சிரிக்கவில்லை.

"கரண்ட்டு போனா?"

"பேட்டரி இருக்கு. முப்பது மணி நேரம் தாங்கும்."

"டவர் போனா?"

"ரெண்டு சிம் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு வேற டவரப் பிடிச்சுக்கும்."

பின்வரிசையிலிருந்து ஆர்தர் பெய்ன்பிரிட்ஜ் எழுந்தார். ஆடு வளர்த்து ஓய்ந்தவர், எண்பத்தெட்டு வயது. "பழசுல கம்பி இருந்துச்சும்மா. வீட்லேருந்து எங்க போகுதுன்னு கண்ணால பாக்கலாம். இது எங்க போகுது? ஆகாசத்துக்கா?"

"அங்க ஏற்கெனவே லைன் பிஸி, ஆர்தர்" என்றது ஒரு பெண் குரல். அன்று ஒரே ஒருமுறை சிரித்தார்கள்.

நானும் பயந்தேன். ஆனால் என் பயமும் அவர்கள் பயம்தான். மின்சாரம், டவர், பேட்டரி. அளக்க முடிந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வைத்திருந்தேன்.

பெட்டிகளை வாங்குவதற்கு முன் கட்டுப்பாட்டு அறையில் ஒரு செயல்விளக்கம் நடத்தினோம். ஓய்வுபெற்றவர்களையும் அழைத்திருந்தோம். அம்மா நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கடைசியாகப் பழக்கிவிட்ட க்ளைவ் இன்னும் அங்கே வேலையில் இருந்தான். அதற்கு முன் பஸ் ஓட்டியவன், இப்போது ஐம்பதைத் தாண்டியவன். அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டான்.

ஒரு காலி வீட்டிலிருந்து எங்கள் ஆள் ஒருவன் பேசினான். குரல் கண்ணாடி போல இருந்தது. பழைய பெட்டிகளில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். புதியதில் இரைச்சலைக் குறைக்கும் வசதி மூன்று நிலைகளில் இருந்தது. நான் மூன்றில் வைத்திருந்தேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"அந்த வீட்ல யாரும் இல்லையா?"

"நம்ம ஆளு இருக்கார்ம்மா. பேசிட்டுத்தான இருக்காரு."

"ஆளு இருக்காரு. வீடு எங்க?"

"இரைச்சல எடுத்துட்டோம். இனிமே ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமா கேக்கும்."

க்ளைவ் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பெட்டிகளை விற்க வந்திருந்தவர் பிஸ்கட் தட்டை நீட்டினார்.

காரில் திரும்பும்போது அம்மா சொன்னாள், "எனக்குப் பயமா இருக்குடி."

"முப்பது மணி நேரம் பேட்டரி. ரெண்டு சிம்..."

"அதில்ல."

"அப்ப எது?"

யோசித்தாள். பொறியாளரிடம் சொல்லும்படியான வார்த்தை அவளிடம் இல்லை. "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.

செப்டம்பரில் அவள் வீட்டில் பெட்டியை மாற்றினேன். ஹார்கில்லுக்கு மேலே, சாலை முடியுமிடத்தில், கல் வீடு. முன்னறை, படுக்கையறை, சமையலறை, அதற்குப் பின்னால் கல்தரை போட்ட பின்னறை. கரி மூட்டையும் துவைக்கும் இயந்திரமும் அங்கே இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதிலிருந்து அவளும் பட்டன் அணிந்திருந்தாள். ஸ்வெட்டருக்குள் ஒளித்துவைப்பாள்.

"பழசு டோஸ்ட்டர் மாதிரி இருந்துச்சு. இது சோப்பு டப்பா மாதிரி இருக்கு" என்றாள்.

"உள்ள ரெண்டு சிம் இருக்கு."

"எனக்கு ஒரு புருஷனே அதிகமா இருந்துச்சு. இதுக்கு ரெண்டா?"

நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். க்ளைவ் எடுத்தான். டெஸ்ட் என்றாள். காலையில் என்ன சாப்பிட்டீங்க மேவிஸ் என்றான். கஞ்சி, மேலே கருப்புப் பாகு என்றாள். அவள் எல்லா நாளும் அதையே சாப்பிட்டாள். என் மடிக்கணினியில் எண்கள் வந்தன. அதில் ஒன்று ஒலிப்பெருக்கம். பேசுபவர் தூரத்தில் இருந்தால் பெட்டி தானாகவே காதைத் தீட்டிக்கொண்டு குரலைப் பெரிதாக்கும். எவ்வளவு பெரிதாக்கியது என்பதை ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை ஒரு எண்ணாகக் குறித்துவைக்கும். நாற்காலியில் இருந்தபோது ஒன்பது.

இணைப்பை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா எழுந்து பின்னறைக்குப் போனாள். அங்கிருந்து பேசினாள். "க்ளைவ், இப்பக் கேக்குதா?"

"பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கு மேவிஸ்!"

எண் முப்பதுக்குப் போயிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பக்கத்துல இருக்கிற மாதிரியா?"

"ஆமாம்மா. நீ எங்க விழுந்தாலும் கேக்கும்."

"நான் தூரத்துல இருந்தா தூரத்துல இருக்கிற மாதிரிதானடி கேக்கணும்?"

"கேக்குதே. அதுதான முக்கியம்."

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கெட்டிலைப் போட்டாள். நான் கருவிகளை எடுத்துவைத்தேன். அன்றைக்கு இன்னும் ஆறு வீடுகள் இருந்தன.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை வடக்கிலிருந்து காற்று வந்தது. எங்கள் மரங்கள் மேற்குக் காற்றுக்கு வளைந்து பழகியவை. வடக்கிலிருந்து வந்தால் வேரோடு சாயும்.

காலை பத்தரைக்கு அம்மாவுக்கு போன் செய்தேன்.

"சாப்டியா?"

"டீ மட்டும் குடிச்சேன். கஞ்சி கிண்ட மனசு வரல. பதினோரு மணிக்கு வச்சுக்கிறேன்."

"அஞ்சு மணிக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் வெளிய போகாத."

"வெளிய போக என்ன இருக்கு? நீ மெதுவா வா. ரோட்டப் பாத்து ஓட்டு."

பத்து ஐம்பதுக்கு, மேல் பள்ளத்தாக்கு முழுவதும் மின்சாரம் போனது. அதோடு வீட்டுத் தொலைபேசிகளும் போயின. வீட்டு மின்சாரத்தில் ஓடும் புதிய தொலைபேசிகள் அப்படித்தான். இனி அவர்களுக்கு இருந்தது பட்டன் மட்டும்.

நான் கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்கு இப்பால், திரை முன் உட்கார்ந்திருந்தேன். மேல் பள்ளத்தாக்கில் நூற்று முப்பத்தாறு பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு பச்சைப் புள்ளி. பேட்டரிக்கு மாறியதும் மஞ்சளாகும். டவரை இழந்தால் சிவப்பாகும். டவர்களுக்கும் பேட்டரிதான், ஆனால் சில மணி நேரம்தான் தாங்கும். நான் சிவப்புக்காகக் காத்திருந்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் பயமாக இருந்தது, அந்த நேரத்தில் ஒன்று சிவந்துவிட்டால் என்று. அம்மாவின் புள்ளி மேல் மூலையில் மஞ்சளாக இருந்தது. ஒவ்வொரு நிமிடமும் அதையும் பார்த்தேன்.

கண்ணாடிக்கு அப்பால் ஐந்து பேர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். காத்திருப்போர் எண்ணிக்கை சுவரில் ஓடியது. இருபது. நாற்பது. ஐம்பத்தெட்டு.

2.41-க்கு அம்மாவின் பெயருக்கு எதிரே ஒரு வரி வந்தது. அழைப்பு. இணைந்தது. இரண்டு நிமிடம் கழித்து வரி முடிந்தது: "சோதனை. வெற்றி."

நிமிர்ந்து பார்த்தேன். க்ளைவ் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலை உயர்த்தினான். ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுக் கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

"உங்கம்மாதான். டெஸ்ட். கஞ்சியும் பாகும் சாப்ட்டாங்களாம். என்னையவே கிண்டல் பண்றாங்க."

சிரித்தேன். காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறை மூச்சை முழுசாக விட்டேன். பெட்டி வேலை செய்கிறது. டவர் வேலை செய்கிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நான்கு மணிக்குக் கிளம்ப எழுந்தபோது, பாலத்தருகே மரங்கள் விழுந்து சாலை மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. நான்கே காலுக்கு டவர்களும் போயின. நூற்று முப்பத்தாறும் சிவந்தன. அம்மாவைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இல்லை. அவள்தான் டெஸ்ட் செய்தாளே.

மறுநாள் காலை ஒரு விவசாயி டிராக்டரில் பாலம் வரை கொண்டுவந்து விட்டார். மீதி இரண்டு மைல் விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கிப் போனேன். வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. அதைப் பார்த்ததும் ஓடினேன்.

அம்மா பின்னறையில், கல்தரையில், பக்கவாட்டில் கிடந்தாள். கரி வாளி கவிழ்ந்திருந்தது. ஒரு கை கழுத்துப் பட்டனின் மேல் இருந்தது. முன்னறையில் பெட்டியின் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரியில் இன்னும் ஏழு மணி நேரம் மீதி இருந்தது.

மின்னடுப்பின் மேல் ஒரு பாத்திரம் இருந்தது. ஓட்ஸும் தண்ணீரும், கலந்து, வேகாமல்.

இடுப்பெலும்பு முறிவு, குளிர் என்று எழுதினார்கள். இருட்டுவதற்கு முன்பே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். ஆறுதலுக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அறிக்கை எழுதும்போது அழைப்பின் விவரங்களைப் பார்த்தேன். நேரம், நீளம், டவர், முடிவு. குரல் பதிவைக் கேட்கவில்லை. அது எனக்குத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையில் தைரியம் இல்லை. ஒலிப்பெருக்க எண் இருந்த பக்கத்தையும் திறக்கவில்லை. விழுந்தது 2.41-க்கு முன்பா பின்பா என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. பின்பு என்றே நான் வைத்துக்கொண்டேன். டெஸ்ட் செய்தாள், பிறகு கரி எடுக்கப் போனாள், விழுந்தாள், டவர் போய்விட்டது. மூன்று வாரம் அந்தக் கதையோடு இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபோது, ஹெட்போனை மாட்டினேன்.

"மேவிஸ், க்ளைவ் பேசறேன். என்னாச்சு?"

"எத்தன பேர் காத்திட்டிருக்காங்க க்ளைவ்?"

"அத ஏன் கேக்கறீங்க. ஐம்பத்தெட்டு."

கொஞ்சம் மௌனம். அந்த மௌனத்தில் எதுவுமே இல்லை. காற்று இல்லை, கூரை ஓடுகள் அதிரவில்லை, கடிகாரம் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் காற்று எப்படி அலறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அதை எடுத்துவிட்டிருந்தேன்.

"சும்மா டெஸ்ட்தான்டா. பெட்டி வேல செய்யுதான்னு பாத்தேன்."

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"நான் சொல்லிக் குடுத்தத என்கிட்டயே கேக்கறியா? கஞ்சிதான். மேல பாகு."

"சும்மாதான் கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. நல்லாருக்கீங்கல்ல?"

"எனக்கென்ன. ஜூடித் அஞ்சு மணிக்கு வந்துடுவா. அவ வச்ச பெட்டி நல்லாக் கேக்குதுன்னு அவகிட்டச் சொல்லிடு. போ, அடுத்த ஆளப் பாரு."

அவ்வளவுதான். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

அடுத்த பக்கத்தைத் திறந்தேன். ஒலிப்பெருக்கம் முப்பது.

பின்னறை. கல்தரை. அவள் விழுந்த பிறகுதான் அழுத்தியிருக்கிறாள். அந்தத் தரையிலிருந்து பேசினால் க்ளைவுக்குத் தூரம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். செப்டம்பரில் அவளேதான் அதைக் கண்டுபிடித்தாள். ஐம்பத்தெட்டு பேருக்காக அதைப் பயன்படுத்திக்கொண்டாள். நான் ஐந்து மணிக்கு வந்துவிடுவேன் என்று நம்பினாள்.

கஞ்சி என்றாள். க்ளைவ் கேட்ட கேள்வி தன் வேலையைச் செய்தது. தப்பான பதில் வந்தது. அது தப்பு என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். காலை பத்தரைக்கு "டீ மட்டும்" என்று அவள் சொன்னது என்னிடம். பத்து ஐம்பதுக்கு அடுப்பு நின்றது என்பதும் எனக்குத் தெரியும். க்ளைவ் கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொன்னபோது நான் சிரித்தேன்.

ஹெட்போனைக் கழற்றவில்லை. வேறொரு பயம் வந்துவிட்டது. புதிய பெட்டிகள் வந்ததிலிருந்து சோதனை என்று முடிந்த எல்லா அழைப்புகளையும் எடுத்தேன். அம்மாவுடையதைத் தவிர, ஒலிப்பெருக்கம் இருபத்தைந்துக்கு மேல் உள்ளவற்றைத் தேடினேன். பத்தொன்பது. பத்தொன்பது பேர் எங்கோ தூரத்திலிருந்து டெஸ்ட் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன்.

ஆர்தர் பெய்ன்பிரிட்ஜ் எடுத்தார். "ஆமா, விழுந்தேன். அக்டோபர்ல. குளியலறையில."

"டெஸ்ட்னு சொல்லியிருக்கீங்களே?"

"வேற என்ன சொல்றது? கால்சட்டை இல்லாமக் கெடந்தேன். எடுத்தது பொம்பளப் புள்ள."

"அப்புறம்?"

"ரெண்டு மணி நேரத்துல தொட்டியப் புடிச்சு எந்திரிச்சிட்டேன். நீ இத எங்கயும் சொல்லிடாத."

அவரைப் போல ஆறு பேர் விழுந்திருந்தார்கள். மற்றவர்கள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டோ பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டோ அழுத்தியவர்கள். இரண்டு பேர் போனை எடுக்கவே இல்லை. அவர்கள் பெயரை முதலில் இறப்புப் பதிவில் தேடினேன். இல்லை. பிறகு காரை எடுத்துக்கொண்டு போனேன். ஒருத்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். இன்னொருவர் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்; என்னைப் பார்த்து, விற்க வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். அந்தச் சாத்திய கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். உள்ளே அவர் நடக்கும் சத்தம் கேட்டது. கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.

இரைச்சல் குறைப்பைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும், குரலைத் தானாகப் பெரிதாக்குவதற்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். புகார் வரும் என்றார். வரட்டும் என்றேன். முதலில் ஒரு பெட்டியில் செய்து பார்க்க அனுமதித்தார். எந்தப் பெட்டி என்று அவர் கேட்கவில்லை.

அம்மாவின் வீட்டில் எல்லாம் அப்படியே இருந்தது. பெட்டியின் அமைப்பை மாற்றினேன். பட்டனைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பின்னறைக்குப் போய்க் கல்தரையில் பக்கவாட்டில் படுத்தேன். குளிர் உடனே இடுப்பில் ஏறியது. பட்டனை அழுத்தினேன். வேண்டுமென்றே எதையும் சொல்லவில்லை.

"மேவிஸ் வீட்லேருந்து..." க்ளைவின் குரல் நின்றது. "ஜூடித்? நீயா?"

"நான்தான். என்ன கேக்குதுன்னு சொல்லு."

நீண்ட நேரம் அவன் பேசவில்லை. அவன் கேட்பது எனக்குக் கேட்டது.

"ஒரு கடிகாரம். என் பக்கத்துல. நீ அதுக்குப் பக்கத்துல இல்ல." மறுபடி காது கொடுத்தான். "குழாய் ஒண்ணு சொட்டுது. அது உனக்குக் கிட்ட இருக்கு. கதவுக்கு அடியில காத்து வருது."

"நான் எங்க இருக்கேன்?"

"பின்னால எங்கயோ. கீழ." அவன் குரல் உடைந்தது. "தரையில இருக்கே. எந்திரி ஜூடித்."

"டெஸ்ட்தான் க்ளைவ்."

அவன் துண்டிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு விதிப்படி கேட்டான். "காலையில என்ன சாப்ட்ட?"

அம்மா சொன்ன பதில் என் நாக்கில் தயாராக இருந்தது.

"ஒண்ணும் சாப்பிடல" என்றேன்.

"அங்கயே இரு. ஆள் அனுப்பறேன்" என்றான்.